துடைக்காமல் விட்ட இடம்

அலுவலகத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அவளுக்குத் தெரியும், தெரிந்தும் கோபப்பட்டதில்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். பொறியாளர்கள் எழுதித் தரும் பக்கங்களை வாங்கி, அதிலுள்ள வளவளப்பை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, படிக்கிறவனுக்கு ஒரே வாசிப்பில் விளங்கும்படி செய்வது அவள் வேலை. கணிப்பொறிக்குள் நினைவகம் என்று ஒன்று இருக்கிறதே, அதில் ஒரு நிரல் எப்படி இடம் கேட்டு வாங்க வேண்டும், எப்படித் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லும் கையேடு முழுக்க அவள் பொறுப்பில் இருந்தது. உலகத்தில் இதைவிட வறட்டு வேலை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அந்தப் பொறியாளர்கள் எழுதித் தருவதை முதல்முறை படிப்பது.

ஒரு விஷயத்தை மூன்று தடவை சொல்லாவிட்டால் சோறு இறங்காத மனிதர்கள் அவர்கள். முதல் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை, நாலு பக்கம் தள்ளி அதே எச்சரிக்கை, கடைசியில் ‘முன்பே கூறியபடி’ என்று மறுபடியும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டுவாள். வெட்டி முடித்தால் பக்கம் பாதியாகும், அர்த்தம் இரண்டு மடங்காகும் என்பது அவள் கட்சி. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது.

தன் கையேட்டுப் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நினைவகத்தை விளக்க அவள் ஒரு கதை வைத்திருந்தாள். லாட்ஜ் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பாள். ஆள் வந்து அறை கேட்கிறான், மேனேஜர் சாவி தருகிறார். காலி செய்யும்போது அவன் சாவியைத் திருப்பித் தருகிறான், மேனேஜர் பலகையில் காலி என்று மாட்டுகிறார். அவ்வளவுதான் நடக்கும். அறைக்குள் போய் யாரும் பெருக்குவதில்லை. முன்னால் தங்கியவனின் சட்டை ஆணியிலேயே தொங்கும், அவன் படுத்த மடிப்பு மெத்தையில் அப்படியே இருக்கும். அடுத்து வருகிறவன் எவ்வளவு சாமான் வைக்கிறானோ அவ்வளவு இடத்தில்தான் பழையது மறையும், மீதி இடத்தில் பழைய ஆளே குடியிருப்பான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள்.

அவள் கம்பெனி செய்து விற்றது வயதானவர்களுக்கான ஒரு பேசும் பெட்டி. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். வீட்டு ஆட்கள் தங்கள் குரலில் எதையாவது பதிந்து வைத்தால், சொன்ன நேரத்துக்கு அது பேசும். மாத்திரை போடு, தண்ணி குடி, கேஸை அணைச்சியா பாரு. மின்சாரம் போனாலும் பதிந்தது போகாது. அவள் வீட்டிலும் ஒன்று இருந்தது, கூடத்து அலமாரியில், அம்மாவின் கண்ணாடிக்கூட்டுக்குப் பக்கத்தில்.

அதை வாங்கி வைத்தவன் அவள் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். மத்தியானம் கிளம்பினால் நள்ளிரவு தாண்டித்தான் வருவான். சாயங்கால மாத்திரையை அம்மா மறக்கிறாள் என்று அவனே குரல் பதிந்து வைத்தான். அம்மா, ஏழு மணி ஆச்சு, சாப்பிட்டுட்டு மாத்திரையப் போட்டுக்கோ என்று தொடங்கி, எனக்கு இன்னிக்கும் லேட்டாகும், கதவத் தாழ்ப்பாள் போடாத, சும்மா சாத்தி வை, வந்துடறேன் என்று முடியும். அவன் பதிந்துகொண்டிருக்கும்போது அடுப்படியிலிருந்து அம்மா, யார்கிட்டடா பேசற என்று கேட்டதும் அதில் சேர்ந்துகொண்டது. போதும் விடு என்று அவன் திருப்பிப் பதியவில்லை. சோம்பேறி.

போன வருஷம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்த தம்பியை ஒரு லாரி அடித்துவிட்டது. அடையாளம் காட்டப் போனவள் அவள். எல்லாக் காரியத்தையும் அவளே நின்று செய்தாள். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையாக மாமா இருந்தார், அம்மாவின் தம்பி. ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தபோது உறவெல்லாம் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. அம்மா அழவில்லை. ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அவன் அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனசு கல்லாகிவிட்டது, பாவம், என்று எல்லாரும் பேசிக்கொண்டு போனார்கள்.

ஆனால் ஏழு மணிக்குப் பெட்டி பேசியதும் அம்மா கையிலிருந்த தம்ளரை வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். அவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாளே அவன் குரலை அழித்துவிட்டுத் தன் குரலில் சுருக்கமாக ஒரே ஒரு வாக்கியம் பதிந்தாள். ‘அம்மா, சாப்பிட்டுட்டு மாத்திரையப் போட்டுக்கோ.’ அம்மாவின் சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. தட்டில் போட்டதைக் கோலம் போடுவதுபோல் விரலால் இழுத்துக்கொண்டிருப்பாள், பிறகு எழுந்துவிடுவாள். வருஷம் திரும்புவதற்குள் வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டில்தான் அது நடந்தது. அவள் அடுப்படியில் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். கூடத்தில் பெட்டி பேசியது, அவள் குரல், அவள் பதிந்த வாக்கியம். வழக்கமாக அதோடு டிக் என்று ஒரு சத்தம் வந்து பெட்டி ஓய்ந்துவிடும். அன்றைக்கு ஓயவில்லை. மாத்திரையப் போட்டுக்கோ என்று அவள் முடித்த அதே நொடியில், பாதி வார்த்தையிலிருந்து, அவன் பேசினான்.

‘...ப்பாள் போடாத. சும்மா சாத்தி வை. வந்துடறேன்.’

பால் அடுப்பெல்லாம் கொட்டியது. அவள் அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கூடத்துக்கு வந்தபோது அம்மா பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள்ளிருந்து, தூரத்தில், அம்மாவின் குரலே சன்னமாக யார்கிட்டடா பேசற என்று கேட்டது. அப்புறம்தான் டிக் சத்தம். அம்மா நிதானமாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், போட்டிருந்த தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள். திரும்பி வந்து தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

காரணம் அவளுக்குத் தெரியாதா என்ன? உட்கார்ந்து கொஞ்சம் யோசித்ததுமே தெரிந்துவிட்டது. அவன் பேசியது நீளம், அவள் அதே இடத்தில் பதிந்தது குட்டை. அவள் குரல் அடைத்த இடம் போக மீதி இடத்தில் அவன் துடைக்கப்படாமல் கிடந்திருக்கிறான். இத்தனை நாள் பெட்டி அவள் பேச்சு முடிந்த இடத்தில் நிறுத்திக்கொண்டது. இந்த மாதம் புது ஆட்கள் அந்த நிரலைத் திருத்தி எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பியிருந்தார்கள். மீதி இடம் வெறுமையாகத்தான் இருக்கும் என்று நம்பி, அது இப்போது இடத்தின் கடைசி வரைக்கும் ஒலித்துக்கொண்டே போகிறது. இவ்வளவுதான் சங்கதி. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. தெரிந்து என்ன பிரயோஜனம்? மறுநாள் ஏழு மணி நெருங்க நெருங்க அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குரல் முடியும் இடத்தில் அவன் குரல் தொடங்கும்போது, தன் வாய்க்குள்ளிருந்தே அவன் பேசுவதுபோல அவளுக்குத் தோன்றியது. தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அலுவலகத்தில் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அம்மா சாப்பிடுகிறாளே! வளையல் கீழே இறங்குகிறதே! ஏழு மணிக்கு முன்பே அம்மா தலையை வாரிக்கொண்டு அலமாரிக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிடுவாள். அவன் வந்துடறேன் என்று சொல்லி முடித்ததும், பெட்டிக்குள்ளிருக்கும் தன் பழைய குரலோடு சேர்ந்து, அதே நொடியில், அதே இழுப்பில், யார்கிட்டடா பேசற என்று அம்மாவும் கேட்பாள். இரண்டு அம்மாக்களும் ஒன்றாகக் கேட்பார்கள். அப்போது அவள் அந்தக் கூடத்தில் நிற்க மாட்டாள்.

கதவு மட்டும் தாழ்ப்பாள் இல்லாமலே கிடந்தது. மூன்று மாடி, பொதுப் படிக்கட்டு, யார் வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். படுக்கப் போகும்போது அவள் தாழ்ப்பாள் போடுவாள், விடிந்து பார்த்தால் எடுத்திருக்கும். கெஞ்சிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள். அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் காலையில் குளித்துவிட்டு வெளியே வந்தவள், கூடத்து நாற்காலியில் முன்பின் தெரியாத ஒருத்தன் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பதைக் கண்டாள். குடித்திருந்தான். செருப்புக்கூடக் கழற்றவில்லை. அம்மா எதிரில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவனை இறக்கி விட்டுவிட்டு வந்து, என்னம்மா இது என்று அவள் அழுதேவிட்டாள்.

‘இது அவன் இல்லன்னு தெரியும்,’ என்றாள் அம்மா. ‘ஆனா கதவு தொறந்திருந்தா யாராவது வரத்தானே செய்யறாங்க.’

அன்றைக்குச் சாயங்காலம் அவள் தன் போனில் அவன் குரலைப் பிடித்து, அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். இதை வச்சுக்கோ, எப்ப வேணுமோ கேளு, கதவ மட்டும் தாழ் போடு என்று பேரம் பேசினாள். அம்மா இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, போனைத் திருப்பித் தந்துவிட்டாள். இதுல நீ அமுக்கினா பேசறான், அதுல அவனா பேசறான் என்று சொல்லிவிட்டு, கால் வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள்.

இதற்கு நடுவில் டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டார். சாயங்காலம் இனிமேல் இரண்டு, அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால். அப்படியானால் பெட்டியில் புதிதாகப் பதிய வேண்டும். அவள் அவசரத்தில் யோசிக்காமல் பழைய வாக்கியத்தைவிடக் கொஞ்சம் நீளமாகப் பதிந்துவிட்டாள். ஏழு மணிக்குப் பெட்டி பேசியது. அவள் முடித்த இடத்தில், ‘சாத்தி வை. வந்துடறேன்,’ என்று மட்டும் வந்தது. போடாத என்றதும் சும்மா என்றதும் போயே போய்விட்டன. அம்மா அன்றைக்கு மாத்திரையைத் தொடவில்லை, சோற்றைத் தொடவில்லை. நீ பேசப் பேச அவன் வாய் அடைபடுது என்று மட்டும் சொன்னாள். பெற்ற மகளைப் பார்த்துச் சொன்னாள். உயிரோடு இருக்கிற குரலுக்கு அந்த வீட்டில் இடம் இல்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

இரண்டு வேண்டாம், ஒன்று போதும், அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று அடுத்த வாரம் டாக்டர் இன்னொரு மாற்றம் செய்தார். இந்த முறை அவள் காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன்னால் பேசிய நேரத்துக்கு ஒரு துளி கூடினால் அவன் வார்த்தை போகும். ஒரு துளி குறைந்தால் அவளுடைய பழைய வார்த்தையின் வால் நடுவில் நீட்டிக்கொண்டு வரும், எத்தனை மாத்திரை என்றே குழப்பிவிடும். அச்சாக அதே அளவில் பேச வேண்டும். அலுவலகத்தில் ஊர்ப் பொறியாளர்களின் வாக்கியங்களை எல்லாம் வெட்டித் தள்ளியவள், தன் வீட்டுக் கூடத்தில் செத்துப்போன தம்பிக்காகத் தன் வாக்கியத்தை அங்குலம் அங்குலமாக நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அறைக் கதவுக்குப் பின்னால் அம்மா மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. சரியாக வந்தது. அவன் வார்த்தை ஒன்றும் குறையவில்லை. அம்மா வந்து அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். ஒரு வருஷத்தில் முதல்முறை. அவளுக்கு அது பிடிக்கவே இல்லை.

அந்த வாரமே அலுவலகத்தில் பெரியவர் கூப்பிட்டு அனுப்பினார். நிரல் எழுதுகிறவர்களுக்கெல்லாம் தலைவர் அவர், அதிகம் பேசாத மனிதர். ஒரு வீட்டிலிருந்து புகார் வந்திருக்கிறது என்றார். தனியாக இருக்கும் ஒரு தாத்தா. அவர் வீட்டுப் பெட்டி, வேறு யாரோ பயன்படுத்தித் திருப்பித் தந்தது, சுத்தம் செய்து இவருக்குக் கொடுத்தது. மருமகள் குரலில் மாத்திரை போடுங்க மாமா என்று வந்ததும், அதற்குப் பின்னால் இன்னொரு பெண் குரல், இன்னும் ரெண்டு போட்டுக்கோங்க என்று சொல்லியிருக்கிறது. தாத்தாவும் மருமகள்தான் யாரையோ விட்டுப் பேச வைத்திருக்கிறாள் என்று தினமும் சொன்னபடி கேட்டிருக்கிறார். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பிழைத்துக்கொள்வார். அந்தப் பெண் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. எந்த வீட்டில் யாருக்காகச் சொன்னாளோ, அவரும் இருக்கிறாரோ இல்லையோ.

பெரியவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. புதுப் பையன்கள் கையேட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள், வாங்கிய இடத்தில் பழையது இருக்கும் என்று கையேட்டில் எங்கேயுமே இல்லையாம், எனக்கு நினைவிருக்கிறது, முன்னால் இருந்தது, கொஞ்சம் பாருங்கள் என்றார்.

அவள் தன் இடத்துக்கு வந்து பழைய பிரதிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். இருந்தது. இரண்டு பக்கத்தில் இருந்தது. ‘இவ்வாறு பெறப்படும் இடத்தில் முந்தைய தரவுகள் இருக்கக்கூடும் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டியது அவசியமாகிறது’ என்று வழக்கமான வளவளப்பு. இடம் வாங்குவது பற்றிய பக்கத்தைத் திருத்தியபோது, இது திருப்பித் தரும் பக்கத்தில் இருக்கிறதே என்று அவள் வெட்டியிருந்தாள். சில மாதம் கழித்துத் திருப்பித் தரும் பக்கத்தைத் திருத்தியபோது, முன்பு வெட்டியதை மறந்து, இது வாங்கும் பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கேயும் வெட்டியிருந்தாள். இரண்டு வெட்டும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயம். இரண்டும் சேர்ந்து அந்தத் தாத்தாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டன. வீட்டில் கேட்ட அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். அவள் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பி வந்தாள்.

அவள் எழுதினாள்: ‘கேட்டு வாங்கும் இடம் வெறுமையாக இருக்காது. முன்னால் இருந்தது அப்படியே இருக்கும். எதையும் வைக்கும் முன் இடம் முழுவதையும் துடைக்கவும்.’ வாங்கும் பக்கத்தில் போட்டாள். திருப்பித் தரும் பக்கத்தில் போட்டாள். முன்பே கூறியபடி என்று சொல்லிக் கடைசியிலும் போட்டாள். பெரியவர் படித்துவிட்டுத் தலையாட்டினார். வெள்ளிக்கிழமை எல்லாப் பெட்டிகளுக்கும் திருத்தம் போய்விடும், பேச்சு இல்லாத இடத்தை எல்லாம் துடைத்துவிடும் என்றார். பெட்டிக்கு வரும் இணையக் கம்பியைப் பிடுங்கி வைத்தால் ஒரு பெட்டி மட்டும் தப்பும் என்பது அவளுக்குத் தெரியும். பெரியவர் எதற்கோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்க வீட்டுப் பெட்டியும் அதுல சேர்த்திதான் சார் என்று அவள் சொன்னாள். அவருக்கு அது புரிந்திருக்காது.

வீட்டில் அதைத் தனியாக எதிர்கொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை. மாமாவுக்குப் போன் போட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து உடன் இருங்கள் என்று கேட்டாள். விஷயத்தைக் கேட்டு மாமா வெலவெலத்துப் போனார். அவர் ஊரில் இல்லை, ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். பேச்சோடு பேச்சாக அவள் கேட்டாள், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீங்கள் தம்பி விஷயத்தைச் சொன்னபோது அம்மா எப்படி எடுத்துக்கொண்டாள் என்று.

‘நான் எங்கே சொன்னேன்மா?’ என்றார் மாமா. ‘ஆபரேஷன் முடியட்டும்னு டாக்டர் சொன்னாரு. அப்புறம் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்ப நீ சொல்லிட்டன்னுல்ல நெனச்சேன்.’

அவள் போனை வைத்துவிட்டாள். மாமா சொல்லியிருப்பார் என்று அவள், அவள் சொல்லியிருப்பாள் என்று மாமா, இவர்கள் இரண்டு பேரில் ஒருத்தர் சொல்லியிருப்பார்கள் என்று உறவு முழுக்க. எல்லாரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், ஒருத்தர்கூட வாயைத் திறந்து அம்மாவிடம் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஒரு வருஷமாக. பெட்டியில் அவன் குரல் கேட்டபோதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவள் சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். இன்றைக்கு அவன் பேசமாட்டான்மா, அதைச் சரிசெய்துவிட்டார்கள் என்று முன்கூட்டியே சொன்னாள். அம்மா கேட்டாளா இல்லையா என்றே தெரியவில்லை. தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஏழு மணிக்குப் பெட்டி பேசியது. அவள் குரல், அவள் அளந்து அளந்து பதிந்த வாக்கியம். அது முடிந்தது. டிக் சத்தம் வரவில்லை. இடம் இன்னும் முடியவில்லை, பெட்டி துடைத்த இடத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. அவன் பேசவேண்டிய நேரம் அத்தனையும் சத்தமே இல்லாமல் ஓடியது. அம்மாவின் உதடுகள் மட்டும் அவனோடு சேர்ந்து அசைந்தன. சரியான நொடி வந்ததும் வழக்கம்போலக் கேட்டாள்.

‘யார்கிட்டடா பேசற?’

ஒரே ஒரு அம்மாவின் குரல்தான் கூடத்தில் கேட்டது. பிறகு டிக்.

அம்மா கொஞ்ச நேரம் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் வருத்தமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

‘உள்ள இல்ல,’ என்றாள். ‘அப்ப கெளம்பிட்டான்.’

எழுந்து போய், வெறுமனே சாத்தியிருந்த கதவை விரியத் திறந்து வைத்தாள். நாற்காலியை இழுத்து நிலைப்படிக்கு நேரே போட்டுக்கொண்டாள். படிக்கட்டில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டாள். காலடி கீழே இரண்டாம் மாடியில் நின்றது, ஒரு பூட்டு திறந்தது, ஒரு கதவு சாத்திக்கொண்டது. அம்மா அசையவில்லை. இன்னொரு காலடிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் தன்னையறியாமல் அதற்காகக் காத்திருந்தாள். காத்திருக்கிறோம் என்று சட்டென்று உணர்ந்தாள். இனி ஒரு நிமிஷம் விட்டால் தானும் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டுவிடுவோம் என்று தோன்றியது.

அம்மாவின் காலடியில், தரையில் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களையும் பிடித்துக்கொண்டாள்.

‘அம்மா, தம்பி செத்துட்டான்.’

அம்மா படிக்கட்டிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள்.

‘எப்போ?’

அவள் சொன்னாள். எந்த நாள், எந்தச் சாலை, எந்தத் திருப்பம், லாரி எந்தப் பக்கமிருந்து வந்தது. தான் போய்ப் பார்த்தபோது அவன் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாதது. அவன் சட்டைப் பையில் இருந்த திருப்புளி. யார் யார் வந்தார்கள், யார் கொள்ளி வைத்தார்கள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். அம்மா நடுநடுவே கேள்வி கேட்டாள். சாப்பிட்டிருந்தானா என்று கேட்டாள். பேசினானா என்று கேட்டாள். இல்லம்மா, உடனே போயிட்டான் என்றாள் அவள். ஒரு வருஷமாக வராத அழுகை அம்மாவுக்கு அப்போதுதான் வந்தது, முதலில் தோள்களில், அப்புறம் வாயில்.

அழுது ஓய்ந்தபின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ‘தெரியும்டி. உங்க மூஞ்சியெல்லாம் பாத்த அன்னிக்கே தெரியும். ஆனா ஒருத்தரும் சொல்லலியே. யாரும் சொல்லாதப்ப நான் எப்படிடி தாழ்ப்பாள் போடுவேன்? ஒருவேளை வந்து நின்னா?’

நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தாள். அவள் பிடிக்க வந்தபோது வேண்டாம் என்று கையை விலக்கிவிட்டு, நிலைப்படியில் போய் நின்று இருட்டிக் கிடந்த படிக்கட்டைப் பார்த்தாள். வாசலில் நின்று வழியனுப்புகிற எந்தத் தாயும் போயிட்டு வா என்றுதான் சொல்வாள். அவன் வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு மத்தியானமும் அம்மாவும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

‘போடா ராசா,’ என்றாள் அம்மா.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.